ஜெயபாய் வைத்த சிறகு

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டைத் தாண்டித் தென்காசி ரோட்டில் கொஞ்சம் நடந்தால் ஒரு ஃப்ளெக்ஸ் கடை வரும். அங்கே வருகிற இளவட்டங்கள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி வைகுண்டராஜை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அவர் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா இருக்காகளா?" என்றுதான் கேட்பார்கள். அக்கா என்றால் ஜெயபாய். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள். நாற்பதைத் தாண்டியவள், வாய்த்துடுக்குக்காரி, தடிமனான கண்ணாடி போட்டவள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, அரசியல்வாதி பிறந்தநாள் என்று ஊரில் எது நடந்தாலும் அதற்கான போர்டு அவள் கையில்தான் உருவாகும். இதையெல்லாம் மற்ற கடைக்காரர்களும் செய்துவிடுவார்கள். கண்ணீர் அஞ்சலி போர்டில்தான் ஜெயபாயை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

எப்படிப்பட்ட போட்டோ வரும் என்கிறீர்கள்? கல்யாண வீட்டில் நாலு பேரோடு தோளில் கை போட்டு நின்றது வரும். அடையாள அட்டையில் முழித்துக்கொண்டிருப்பது வரும். ஜெயபாய் அதை வாங்கி, தோளில் கிடக்கும் அடுத்தவன் கையை அழிப்பாள். பருவையும் தழும்பையும் வழித்துவிடுவாள். நிறத்தை இரண்டு படி ஏற்றுவாள். அழுக்குச் சட்டையைக் கழற்றிக் கோட்டு மாட்டுவாள். பின்னால் மேகம், மேகத்துக்குப் பின்னால் வெளிச்சம், இந்து வீடென்றால் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, வேதக்கார வீடென்றால் மெழுகுவர்த்தி. கடைசியாகத் தோளிலிருந்து விரிகிற வெள்ளைச் சிறகு. அந்தச் சிறகு இருக்கிறதே, அது ஜெயபாயின் சொந்தச் சரக்கு. ஒவ்வொரு இறகாகச் சேர்த்துச் சேர்த்துச் செய்து வைத்திருந்தாள். உயிரோடு இருந்தபோது ஏனென்று கேட்க நாதியில்லாதவன்கூட அந்தச் சிறகோடு தேவதூதன் மாதிரி நிற்பான். பெற்றவர்கள் பார்த்துக் கதறுவார்கள். கதறி முடித்துவிட்டு, "நல்லா வந்திருக்கும்மா" என்பார்கள். எதற்குப் பொய் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு ஜெயபாய்க்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையில் முதல் அடி விழுந்தது செட்டியார்பட்டிப் பையன் சோலைராஜால். சித்திரை மாதம் அவனுக்குப் பிறந்தநாள் போர்டு போட்டவள் அவள். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, பக்கத்தில் ஒரு சிங்கம், தலைக்கு மேலே கிரீடம் என்று கூட்டாளிகள் கேட்டதையெல்லாம் வைத்துக் கொடுத்தாள். ஐப்பசியில் அதே கூட்டாளிகள் வந்தார்கள். அதே போட்டோவை அனுப்பினார்கள்.

"ஏலே, இது பொறந்தநாளுக்குக் குடுத்ததுல்லா? அஞ்சலிக்குன்னு சொல்லுதீக? வேற போட்டோவ மாத்தி அனுப்பிட்டீகளா?" என்று ஜெயபாய் அதட்டினாள்.

"மாத்தலக்கா. அவனுக்குத்தான் அஞ்சலி. இதுதான் அவன் சிரிச்ச மாதிரி இருக்குற போட்டோ."

வயதுப் பிள்ளை. நோய் நொடி ஒன்றுமில்லை. தன்னைத்தானே முடித்துக்கொண்டான். சிங்கத்தை எடுத்துவிட்டு விளக்கை வைத்தாள் ஜெயபாய். கிரீடத்தை எடுத்துவிட்டு வெளிச்சத்தை வைத்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் நேராகத் தன் சபைப் போதகர் வேதசிரோமணி ஐயாவிடம் போய் நின்றாள்.

"ஐயா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் நம்ம ஹால் சும்மாதான கெடக்கு? எனக்குக் குடுங்க."

"என்ன செய்யப் போற?"

"தெரியல. வயசுப் பிள்ளைகள ஒக்கார வச்சு வாயத் தெறக்க விடணும். வாய் தெறக்கலன்னா படம் போடட்டும், பாடட்டும், கூத்தடிக்கட்டும். சாதி மதம் பாக்காம எல்லாரும் வரட்டும்."

போதகர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தொடங்கியது. கடையில் எழுத்துப் பிழையாகப் போன ஃப்ளெக்ஸையெல்லாம் ஜெயபாய் சுருட்டிக்கொண்டு வருவாள். வெள்ளையான பின்பக்கத்தைத் தரையில் விரித்து, வீடுகளுக்கு அடித்து மிச்சமான பெயிண்டைச் சிரட்டைகளில் ஊற்றி வைப்பாள். மில்லுக்குப் போகிறவர்கள், காலேஜில் பாதியில் நின்றவர்கள், பரீட்சையில் தோற்று வீட்டில் முகம் காட்ட முடியாதவர்கள் என்று பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக இருக்கும் அக்சா மாதம் ஒரு தடவை வந்து உட்காருவாள். சின்ன வயசு, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பெண். வந்த முதல் நாளே ஜெயபாயைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு காரியம் சொன்னாள்.

"அக்கா, சாகணும்னு தோணுதான்னு பிள்ளைகள்ட்ட நேராவே கேக்கலாம். கேட்டா இல்லாத எண்ணம் வந்துருமோன்னு பயப்படாதீங்க. அப்படி வராது. கேட்டாத்தான் பாரம் எறங்கும். இன்னொண்ணு, ஒரு பிள்ள போயிருச்சுன்னா அந்தச் சாவப் பெருசாக்கி, அழகாக்கிக் காட்டக் கூடாது. அடுத்த பிள்ள அதப் பாத்துக்கிட்டு இருக்கும்."

முதல் காரியத்தை ஜெயபாய் மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள். இரண்டாவதைக் கேட்டு, "ஆமாமா, இந்த டிவிக்காரனுக பண்ணுற கூத்துதான" என்று தலையாட்டினாள். அழகாக்கிக் காட்டுகிறவள் யாரென்று அப்போது அவள் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் கடைக்குப் போனதும் அதே நாற்காலி, அதே மேகம், அதே சிறகு. பிள்ளைகளைக் காப்பாற்றுகிற வேலை ஞாயிற்றுக்கிழமை, பிழைப்பு மற்ற நாள் என்று இரண்டையும் இரண்டு டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள்.

கூட்டத்துக்கு வந்தவர்களில் இந்து சுந்தரபாண்டியத்துக்காரி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற கட்டுத்துணியை வெட்டி மடித்து அடுக்கும் கம்பெனியில் வேலை. விடிந்ததும் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாய இறக்கிவிடும். முதலில் சில வாரம் சுவரோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்ததோடு சரி. ஒருநாள் எல்லோரும் சேர்ந்து நாடகம் போட்டபோது சூப்பர்வைசர் வேஷத்துக்கு ஆளில்லை. யாரும் கூப்பிடாமலே இந்து எழுந்து வந்தாள். காதில் பேனாவைச் செருகி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, "ஏட்டி, துணிய மடிக்கியா, இல்ல தூங்குறதுக்குப் பாய் விரிக்கியா?" என்று ஒரு நடை நடந்தாள் பாருங்கள், பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். ஜெயபாய் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பெண் மேல் அவளுக்குத் தனிப் பிரியம்.

இந்துவோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவள் முத்துப்பேச்சி. அடுத்த தெரு. ஒருமுறை இந்து அவளையும் கூட்டத்துக்கு இழுத்துவந்தாள். வந்த பெண் கடைசி வரிசையில் உட்கார்ந்து எதற்கெடுத்தாலும் சிரித்தாள். பெயிண்டைத் தொடவில்லை. இவ்வளவு சிரிக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜெயபாயும் கேட்கவில்லை. அடுத்த வாரம் முத்துப்பேச்சி வரவில்லை. மாசி பிறந்தபோது அவள் உயிரோடு இல்லை. சோலைராஜ் போன வழியிலேயே அவளும் போயிருந்தாள்.

அஞ்சலி போர்டுக்குக் கம்பெனிப் பிள்ளைகள் கடைக்கு வந்தார்கள். கூடவே இந்துவும் வந்தாள். ஜெயபாய் போட்டோவைத் திரையில் பெரிதாக்கினாள். ஒருநாள் தன் கண் முன்னால் உட்கார்ந்து சிரித்த பெண். அந்தக் குற்றவுணர்ச்சியை என்ன செய்வதென்று தெரியாமல் முழுவதையும் வேலையில் கொட்டினாள். இதுவரை யாருக்கும் செய்யாத அளவுக்கு இழைத்து இழைத்துச் செய்தாள். சிறகைப் பெரிதாக்கினாள். முகத்தைப் பளிங்கு மாதிரி ஆக்கினாள். இந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"பச்சச் சேல கட்டிவிடுங்கக்கா. பட்டுல. அவளுக்கு ரொம்ப ஆச."

கட்டிவிட்டாள்.

"எம்புட்டு அழகா இருக்கா," என்றாள் இந்து. அழவில்லை. பிள்ளை தைரியசாலி என்று ஜெயபாய் நினைத்துக்கொண்டாள்.

சுந்தரபாண்டியம் பஸ் நிறுத்தத்தில் ஆளுயரத்துக்கு மேல் போர்டு எழும்பியது. ஊரே வந்து பார்த்தது. முத்துப்பேச்சியோடு ஒரு வார்த்தை பேசியிராத பிள்ளைகள்கூடப் போர்டைப் படமெடுத்து, பாட்டுச் சேர்த்து, போனில் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். சூப்பர்வைசர் மாலை கொண்டுவந்து போட்டார். இந்து தினமும் அந்தப் போர்டுக்குக் கீழே நின்றுதான் கம்பெனி வேன் ஏறினாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்து வருஷம் கழித்து நீங்கள் எப்படி இருக்கப் போகிறீர்கள், அதை வரையுங்கள் என்று ஜெயபாய் சொல்லியிருந்தாள். ஒருத்தி நர்ஸ் உடுப்பில் தன்னை வரைந்தாள். ஒருவன் லாரியும் அதில் தன் பெயரும் போட்டான். இந்து ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல், வெகுநேரம் வரைந்தாள். சுற்றி நின்ற பிள்ளைகள், "யாத்தே, சூப்பரா இருக்குடி!" என்று கைதட்டினார்கள். ஜெயபாய் எட்டிப் பார்த்தாள்.

இந்துவின் முகம். பின்னால் மேகம். மேகத்துக்குப் பின்னால் வெளிச்சம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தோளிலிருந்து விரிந்த வெள்ளைச் சிறகு. இறகு அடுக்கியிருந்த வரிசைகூட ஜெயபாயின் வரிசை. பச்சைக்குப் பதில் சிவப்புச் சேலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெயபாய் பிள்ளைகளை டீ குடிக்க வெளியே அனுப்பிவிட்டு இந்துவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னட்டி இது?"

"நல்லா இல்லையாக்கா?"

"பத்து வருசம் கழிச்சு நீ எப்படி இருப்பன்னுல்லா கேட்டேன்."

இந்து தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே பேசினாள். "முத்துப்பேச்சி உசுரோட இருந்தப்ப அவள யாருக்கா திரும்பிப் பாத்தா? கம்பெனியில கறுப்பின்னு கூப்பிடுவாக. வீட்டுல சனியனும்பாக. இப்ப ஊரே நின்னு பாக்குது. மால போடுதாக. நீங்கதான் அவள அம்புட்டு அழகாக்குனீக. எனக்கும் இந்தச் செறக வைப்பீகல்லாக்கா?"

யேசுவே என்று ஜெயபாய் வாய்விட்டே சொல்லிவிட்டாள். அக்சா சொன்ன இரண்டாவது காரியம் இப்போதுதான் உறைத்தது. அடுத்த பிள்ளை பார்த்துக்கொண்டு இருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் கை வேலையையே பார்த்துக்கொண்டு இருந்தது.

அழுவதற்கு நேரமில்லை. முதல் காரியத்தைக் கையில் எடுத்தாள்.

"இந்து, எம்மூஞ்சியப் பாரு. செத்துப் போகணும்னு தோணுதா உனக்கு?"

இந்து தூரிகையைக் கீழே வைத்தாள். பிறகு ஆமாம் என்று தலையை அசைத்தாள். அசைத்ததும் உடம்பெல்லாம் குலுங்கி அழ ஆரம்பித்தாள். கடையில் அழாத அழுகை, மேஜையில் தனியாக உட்கார்ந்து துணி மடித்தபோது அழாத அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. ஜெயபாய் அவளை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அக்சாவுக்குப் போன் பண்ணினாள்.

"தனியா விடாதீங்கக்கா. இன்னைக்கே வீட்டுல சொல்லிருங்க. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, நான் இருப்பேன். அதுக்கு மின்னாடி பயமா இருந்துச்சுன்னா எந்நேரமானாலும் நேரா அவசரப் பிரிவுக்கு வந்துருங்க," என்றாள் அக்சா.

வெயில் தாழ்வதற்குள் இருவரும் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறிச் சுந்தரபாண்டியத்தில் இறங்கினார்கள். இறங்கிய இடத்திலேயே போர்டு. பட்டுச் சேலையில் முத்துப்பேச்சி சிரித்தாள். இந்து நிமிர்ந்து பார்த்தாள். ஜெயபாய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

இந்துவின் அம்மா நாச்சியார் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயபாய் சுற்றி வளைக்காமல், குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். சுளகு கையில் அப்படியே நின்றது. முதலில் பயம், அப்புறம் கோபம்.

"என்ன பேச்சுப் பேசுதீக? எம்பிள்ள நல்லாத்தான இருந்தா? கூட்டம் கீட்டம்னு கூட்டிட்டுப் போயி, இல்லாததும் பொல்லாததும் சொல்லிப் பிள்ள மனச நீங்கதான் கெடுத்து வச்சிருக்கீக."

"நான் கெடுத்தது இருக்கு, இல்லன்னு சொல்லல. அதுக்கு என்னைய எம்புட்டு வேணாலும் ஏசிக்கிடுங்க. ஆனா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிட்டு வந்துருங்க."

"வந்துட்டு? மனநல ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைன்னு தெரிஞ்சா ஊர்ல பைத்தியக்காரின்னு பேரு கட்டிருவாக. நாளைக்கு எவன் கட்டுவான் இவள? நீங்களா கட்டிக் குடுப்பீக?"

"உசுரோட இருந்தாத்தான கல்யாணம்?"

நாச்சியார் சுளகைப் போட்டுவிட்டு இந்துவை உள்ளே இழுத்துக்கொண்டாள். "எம்பிள்ளைய எனக்குப் பாத்துக்கிடத் தெரியும். நீங்க கெளம்புங்க."

"இன்னைக்கு ராத்திரி பக்கத்துலயே படுத்துக்கிடுங்க. செத்த நேரம்கூடத் தனியா விட்றாதீக," என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள் ஜெயபாய். உள்ளே நாச்சியார் அழும் சத்தம் கேட்டது.

பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பியபோது போர்டுக்குக் கீழே ஒரு ஆள் குந்தியிருந்தார். முத்துப்பேச்சியின் அப்பா இருளப்பசாமி. தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சும் வேலை. வேலை முடிந்ததும் தினமும் வந்து போர்டுக்கு முன்னால் ஒரு அகல் விளக்கு ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார் என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். ஜெயபாய் தயங்கினாள். காலையில் இந்து இதே இடத்துக்கு வருவாள். ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் இங்கேதான் பஸ் ஏற வேண்டும், கம்பெனிக்குப் போனாலும் இங்கேதான் வேன் ஏற வேண்டும். அவள் தலைக்கு மேல் இந்தச் சிறகு விரிந்து நிற்கும்.

"அண்ணாச்சி, நான்தான் இந்தப் போர்ட அடிச்சவ."

அவர் எழுந்து கும்பிட்டார். அந்தக் கும்பிடு ஜெயபாயை அறைந்தது.

"இத எறக்கிரணும் அண்ணாச்சி."

"எதுக்கு? பஞ்சாயத்துல எதுவும் சொன்னாகளா?"

"யாரும் சொல்லல. நான்தான் சொல்லுதேன். இதப் பாத்துட்டு இன்னொரு பிள்ள நானும் இப்படிப் போறேங்குது. செத்துப் போனாத்தான் மதிப்புன்னு நெனைக்குது. நான் அழகாக்குன அழகு அப்படி."

இருளப்பசாமிக்கு முகம் சிவந்தது. "எம்பிள்ள மூஞ்சி ஊர்ல இருக்கக் கூடாதுங்கியா? இருந்தப்பதான் அவளுக்கு ஒண்ணும் கெடைக்கல. செத்த பொறவு இந்த ஒரு எடங்கூடவா அவளுக்குக் கெடையாது? என்ன மனுசி நீ? போயிரு, எம்முன்னால நிக்காத!"

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயபாய் நகரவில்லை. அவளும் அழுதுகொண்டு நின்றாள். அந்த மனிதர் கத்தி ஓய்ந்து விளக்கின் முன்னால் மறுபடி குந்தினார். திரியைத் தூண்டிவிட்டார்.

"எந்தப் பிள்ள?" என்று கேட்டார், முகத்தைத் திருப்பாமல்.

ஜெயபாய் சொல்லவில்லை.

"சொல்ல வேண்டாம். சாப்பாட்டுத் தூக்குச்சட்டி ஒண்ணுதான் எம்பிள்ளைக்கும் அவளுக்கும். எனக்குத் தெரியாதா?" துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளகிட்ட நீ என்னமும் கேட்டியா?"

"கேட்டேன். சாகணும்னு தோணுதான்னு கேட்டேன். ஆமான்னுச்சு."

"எம்பிள்ளகிட்ட ஒருத்தரும் இப்படிக் கேக்கலயேம்மா. நானும் கேக்கலயே." காற்றில் ஆடிய சுடரைக் கையால் மறைத்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? நெதம் வெளக்கப் பொருத்தி வச்சுட்டு அந்த மூஞ்சியப் பாக்கேன். இது எம்பிள்ள மாதிரியே இல்ல. எடது புருவத்துல அவளுக்கு ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. நடக்கப் பழகுன வயசுல அம்மியில விழுந்துட்டா. ரத்தம் ஒழுக ஒழுக நான்தான் தூக்கிட்டு ஓடுனேன். அத அழிச்சுட்டீக. அதத்தான் நெதம் தேடுதேன்."

ஜெயபாய் தன் போனை எடுத்து, பிள்ளைகள் அன்றைக்கு அனுப்பிய போட்டோவைத் தேடி அவர் கையில் கொடுத்தாள். எண்ணெய் வழிகிற முகம், மங்கின சுடிதார், புருவத்தை இரண்டாக வெட்டிப் போன தழும்பு. இருளப்பசாமி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அந்தத் தழும்பை விரலால் தடவினார். தடவியதில் படம் நகர்ந்துவிட, பதறிப்போய், "போயிருச்சே, போயிருச்சே" என்றார்.

"இந்தா, இருக்கு அண்ணாச்சி. எங்கயும் போகல. இத அப்படியே போட்டு வீட்டுக்குள்ள மாட்டத் தாரேன். ஒரு பொட்டு அழிக்காமத் தாரேன்."

அவர் எழுந்து, சட்டத்தைக் கட்டியிருந்த கம்பியை முறுக்கிப் பிரித்தார். டீக்கடைக்காரர் குறடு கொண்டுவந்து கொடுத்தார். போர்டு மடமடவென்று சரிந்து தரையில் கிடந்தது. வெறும் கம்புகள் மட்டும் நின்றன. ஃப்ளெக்ஸைச் சுருட்டி ஜெயபாயிடம் கொடுத்தார். அவள் அதை பஸ்ஸில் மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். எரிக்கவும் மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தாள்.

காலையில் ஆஸ்பத்திரியில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். அக்சா வந்தாள், அறையைத் திறந்தாள். சீட்டு வாங்கக் கூட்டம் சேர்ந்தது, கலைந்தது. இந்துவைக் காணோம். அவள் போன் அணைந்து கிடந்தது. கம்பெனி வேன் புறப்படுகிற நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. வேனில் போயிருந்தால் பரவாயில்லை, ஆண்டவரே, வேனிலாவது போயிருக்கட்டும் என்று ஜெயபாய் வேண்டிக்கொண்டாள். கேட்டில் ஆம்புலன்ஸ் நுழையும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

வைகுண்டராஜ் போனில் வந்தார். "எங்கம்மா இருக்க? அஞ்சலி ஒண்ணு வந்திருக்கு. வயசுப் பையன். நீதான் செய்யணும்னு ஒத்தக் கால்ல நிக்கானுக."

"வயசுப் பிள்ளைகளுக்கு இனிமே நான் செறகு வைக்க மாட்டேன் அண்ணாச்சி. வெறும் போட்டோ, பேரு, அம்புட்டுதான் போடுவேன். வேணும்னா நிக்கச் சொல்லுங்க."

"நீ இல்லாட்டி அடுத்த கடையில போடப் போறான். ஒஞ்செறகத்தான் எல்லாக் கடைக்காரனும் எப்பவோ காப்பி எடுத்து வச்சிருக்கானுகளே. ஊரு பூரா அதுதான் நிக்குது. நீ ஒருத்தி நிறுத்தி என்னத்த ஆகப் போகுது?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ராஜபாளையத்திலிருந்து கூமாப்பட்டி வரைக்கும் எந்தத் தெருமுனையில் எந்தப் பிள்ளை அந்தச் சிறகை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறதோ, அவளுக்கு என்ன தெரியும்? போனை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எக்கா."

நிமிர்ந்தாள். இந்து நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது, தலை வாரவில்லை. பின்னால் நாச்சியார், முக்காடு போட்டு, தெரிந்த முகம் யாரும் இருக்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்தபடி. ஜெயபாயோடு அவள் பேசவில்லை. ஆனால் மகளின் முந்தானையை விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"போர்டக் காணோம்க்கா. வெறும் கம்புதான் நிக்குது," என்றாள் இந்து.

"நான்தான் எறக்கச் சொன்னேன். அவ அப்பா எறக்குனாரு."

"அப்போ நான் போனா எனக்கும் போட மாட்டீகளா?"

"போட மாட்டேன்."

"சின்னதாக்கூட?"

"ஒரு சாண்கூடக் கெடையாது. செறகும் கெடையாது, சேலையும் கெடையாது. அழுவேன், அம்புட்டுதான். சாகுற வரைக்கும் அழுவேன்."

இந்துவுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, வந்த வேகத்தில் அழுகையாக மாறியது. "பொறவு என்னைய யாருக்கா பாப்பா?"

"நான் பாக்கேன்ட்டி. இந்தா, காலையிலருந்து கேட்டையே பாத்துக்கிட்டுத்தான ஒக்காந்திருக்கேன்."

அக்சா அறை வாசலுக்கு வந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நாச்சியார் முந்தானையை விடுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. ஜெயபாய் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். நாச்சியார் அவளைப் பார்க்காமலே, ஒரு ஆள் இடைவெளி விட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.